கூரை மட்டும் போதுமா?
விடுதியில் ஒன்றாகத் தங்கவைத்தாலே மாணவர்கள் ஒரு சமூகமாகிவிடுவார்கள் என்கிறது ஒரு கட்டுரை. கட்டுரையாளர் ஹார்வர்டின் 'ஹவுஸ்' முறையைச் சான்று காட்டுகிறார். பாதிக் கதைதான் அது. 1930-இல் அந்த இல்லங்களைத் திறந்த பல்கலைக்கழகத் தலைவர் லோவல்தான், 1922-இல் கறுப்பின மாணவர்களுக்கு முதலாண்டு விடுதியில் இடமில்லை என்றவர். மறு ஆண்டே மேற்பார்வைக் குழு அதைத் தள்ளியது, நல்லவேளை.

ஒவ்வொரு இல்லத்துக்கும் தனிச் சாப்பாட்டுக்கூடம், நூலகம், உடன் தங்கும் ஆசிரியர்கள். எல்லாம் இருந்தும் நடந்தது என்ன? மாணவர்கள் விருப்பத்துக்கு விட்டபோது கலை ஆர்வலர்கள் ஆடம்ஸ் இல்லத்துக்கும் விளையாட்டு வீரர்கள் கர்க்லண்ட் இல்லத்துக்கும் போனார்கள். இனம் இனத்தோடுதான் சேர்ந்தது. 1990-களின் நடுவில் நிர்வாகம் குலுக்கல் முறைக்கு மாறியபிறகே அது கலைந்தது. அப்போதும் நண்பர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து போகச் சலுகை உண்டு! கட்டிடத்துக்குக் கட்டுரையாளர் தரும் பாராட்டு அந்தக் குலுக்கலுக்குச் சேர வேண்டியது.