அருண் கேத்தர்பால்: நாம் மேடையில் சொல்லாத பாதி

குடியரசு தினப் பேச்சுப் போட்டி என்றால் நம்மில் ஒருத்தியாவது பரம்வீர் சக்கரம் பெற்ற இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலைத் தேர்ந்தெடுப்பாள். எரியும் டாங்கியை விட்டு அவர் இறங்க மறுத்தார் என்று குரலை உயர்த்தியதும் கைதட்டல் எழும். அத்துடன் வணக்கம் கூறி இறங்கிவிடுவோம். அங்கே இறங்குவது சரியன்று என்பது என் கருத்து.

அருண் 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்தார். தந்தையும் இராணுவ அதிகாரியே. சனாவர் லாரன்ஸ் பள்ளியில் பயின்ற அருண், 1971 ஜூன் 13 அன்று பூனா குதிரைப்படையில் அதிகாரியானார். 1817-இல் தோன்றிய அப்படையில் குதிரைகள் போய் டாங்கிகள் வந்துவிட்டன. ஆயினும் அங்கே சிப்பாயை இன்றும் 'சவார்', அதாவது குதிரைவீரன் என்றே அழைக்கிறார்கள். (டாங்கி என்றதும் நமக்கு ஆவடி நினைவுக்கு வரும். அருணுடையது பிரிட்டனில் செய்யப்பட்ட செஞ்சூரியன்.)

ஆறே மாதத்தில் போர் வந்தது. ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து நம் காலாட்படை ஓரிடத்தைப் பிடித்திருந்தது. அதற்குத் துணையாக டாங்கிகள் உடனே போக வேண்டும். வழியில் கண்ணிவெடிகளை அகற்றும் வேலையோ முடியவில்லை. நம் போடிமெட்டுச் சாலையில் மூடுபனியில் எதிரே ஒரு லாரி வந்தாலே பஸ்ஸில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறோம். அவர்கள் ஐம்பது டன் எடையுள்ள டாங்கிகளை அந்தப் பாதையில் இரவில் ஓட்டிச் சென்றார்கள்!

டிசம்பர் 16 அன்று ஜர்பால் என்ற ஊருக்கருகே பாகிஸ்தான் டாங்கிகள் திரண்டு வந்தன. அன்றைய மோதலில் வீழ்ந்த பத்து டாங்கிகளில் நான்கு அருணால் வீழ்ந்தவை என்று விருதுக் குறிப்பு கூறுகிறது. அவருடைய டாங்கி தீப்பற்றியது, அவரும் காயமுற்றார். இறங்கிவிடும்படி கட்டளை வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, இறங்க மாட்டேன் என்று பதில் அனுப்பினார். கீழ்ப்படிதலைப் பெரிதாகக் கற்கும் நமக்கு இந்த இடம் சற்று இடறத்தான் செய்யும். ஆனால் தாம் விலகினால் பகைவர் உள்ளே நுழைவர் என்பதை அங்கே நின்ற அவரே அறிவார். மீண்டும் குண்டு பாய்ந்து அவர் உயிர் நீத்தார். வயது 21. அதே டாங்கியில் இருந்த சவார் நந்த் சிங்கும் மாண்டார். அவர் பெயரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அதே நாளில்தான். மறுநாள் மேற்கிலும் போர் ஓய்ந்தது.

நாம் சொல்லாத பாதி 2001-இல் நடந்தது. அருணின் தந்தை பிரிகேடியர் எம். எல். கேத்தர்பால், எண்பது வயதைக் கடந்தபின், தாம் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரை வீட்டில் தங்க வைத்து உபசரித்தவர் பிரிகேடியர் குவாஜா முகம்மது நாசர். புறப்படுவதற்கு முந்தின இரவு, அருணை வீழ்த்தியது தாமே என்று நாசர் அவரிடம் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? விருந்தினர் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பியிருப்பார். இருந்தும் சொன்னார், அருணின் வீரத்தையும் புகழ்ந்தார். மகனைக் கொன்றவரின் வீட்டிலேயே அமர்ந்து அந்த முதியவர் அதைக் கேட்டுக்கொண்டார். டாங்கிக்குள் இருக்க வேண்டிய துணிவுக்கு இந்த இருவரின் துணிவு குறைந்ததா?

இத்தகைய சோகத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் போர்க்குணம் குன்றிவிடும் என்பார் சிலர். நான் ஒப்பமாட்டேன். என் அண்ணன் இராணுவத்தில் சேர ஆசைப்பட்டு, அதிகாலையில் முந்தல் சாலையில் ஓடிப் பழகுகிறான். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுமுன் அம்மா அவனுக்குக் கேப்பைக் கூழ் கரைத்து வைப்பாள். போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை. அருணின் கதையை அண்ணன் கைதட்டல் வரைதான் அறிவான். அம்மாவோ கேட்டதேயில்லை. லாகூரில் நடந்ததை இருவருக்கும் நான்தான் சொன்னேன். அண்ணன் மறுநாளும் ஓடப் போனான். அம்மாதான், அந்தப் பையனைப் பெற்றவள் என்ன ஆனாள் என்று கேட்டாள்.

2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அருணின் பெயரைச் சூட்டினார்கள். நல்லதுதான். நம்மிடம் தீவு இல்லை, ஐந்து நிமிட மேடை இருக்கிறது. அடுத்த முறை அவரைத் தேர்ந்தெடுக்கிறவள் டாங்கிக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளட்டும். நந்த் சிங்குக்கும் லாகூருக்கும் இரண்டு நிமிடம் வைக்கட்டும். நடுவில் மணி அடித்தாலும் பரவாயில்லை.