தரிசனத்தைப் பஞ்சாங்கமாக்கலாமா?

மேற்காசியாவில் யுத்தம் மூளுகின்ற போதெல்லாம், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் புலனக் குழுக்களில், எசேக்கியேல் நூலின் 38-ஆம் அதிகாரமும் தானியேல் நூலின் 7-ஆம் அதிகாரமும் வலம்வரத் தொடங்கிவிடுகின்றன. கோகு என்பவன் இன்ன தேசத்தின் அதிபதி, மிருகத்தின் பத்துக் கொம்புகள் இன்னின்ன நாடுகள், இத்தனை ஆண்டுக்குள் உலகம் முடிந்துவிடும் என்று சந்தேகத்தின் நிழலும் படியாத குரலில் பேசும் அச்செய்திகளை, இரவில் தனியே அமர்ந்து படித்துவிட்டு உறக்கம் இழக்கின்ற முதியோர் பலர். எபிரேயத் தீர்க்கதரிசிகள் கண்ட தரிசனங்களை இவ்வாறு அச்சமூட்டும் கருவியாக்குவது, அந்நூல்களுக்கும் அவற்றை வேதமென்று போற்றும் எளிய ஜனங்களுக்கும் இழைக்கப்படும் அநீதி என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். இது கிறிஸ்தவர்களின் உள்விவகாரம் என்று மற்றையோர் ஒதுங்கிவிடவும் வேண்டியதில்லை. ஒரு புராதன நூலை எவ்வாறு வாசிப்பது என்ற கேள்வி எல்லாச் சமயத்தாருக்கும் உரியதே.

ஒரு தரிசனத்தின் அர்த்தத்தைத் தேடுவோன் முதலில் கேட்க வேண்டியது, அதை முதன்முதலாகச் செவிமடுத்தவர் யார் என்பதாகும். எசேக்கியேல் ஓர் ஆசாரியர். கி.மு. 597-இல் யோயாக்கீன் அரசனோடு பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்ட யூதர்களுள் ஒருவராகிய அவர், கி.மு. 593-இல், கேபார் நதியோரத்தில், மனிதன், சிங்கம், எருது, கழுகு என்னும் நான்கு முகங்கள் கொண்ட ஜீவன்களையும், சக்கரத்துக்குள் சக்கரம் அமைந்து நாற்றிசையும் திரும்பாமலே செல்லவல்ல ஓர் இரதத்தையும், அதற்கு மேலே ஒரு சிங்காசனத்தையும் கண்டதாக எழுதுகிறார். அசீரிய அரண்மனைகளின் வாயில்களில் மனித முகமும் எருதின் உடலும் கழுகின் சிறகுகளுமாகக் காவல் நின்ற பிரம்மாண்டமான சிலைகளை மனத்தில் கொண்டு இதைப் படித்தால், அடிமைத் தேசத்தில் வாழ்ந்தவர்களுக்கு அக்காட்சி என்ன சொல்லியிருக்கும் என்பது விளங்கும். வெற்றி கொண்ட பேரரசுகள் தம் வாயில்களில் நிறுத்திப் பெருமை பேசிய உருவங்களையொத்தவை, தோற்றுப்போன ஒரு சிறு ஜனத்தின் தெய்வத்துக்கு வாகனம் தாங்குகின்றன. அந்தச் சிங்காசனமோ எருசலேம் ஆலயத்தின் கருவறைக்குள் அசையாமல் கட்டுண்டு கிடக்கவில்லை, சக்கரம் பூண்டு, சிறைப்பட்டோர் வாழும் அந்நிய மண்ணுக்கே வந்து நிற்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரப்பர்த் தோட்டத்து லயங்களில் குடியேறி, முதல் வேலையாக ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மனை எழுந்தருளச் செய்த நம் முன்னோரின் பேரப்பிள்ளைகளுக்கு, கடல் கடந்து வந்தவனோடு அவன் தெய்வமும் வருமா என்ற அந்த ஏக்கத்தை எடுத்துச் சொல்ல வியாக்கியானி தேவையில்லை. இதை அறியாமல் அச்சக்கரங்களை ஆகாயக் கப்பல் என்று விவரிப்பவர்கள், தரிசனத்தின் இதயத்தை எறிந்துவிட்டு ஓட்டைப் பொறுக்குகிறார்கள்.

அடுத்ததாக, மூலநூலே விளக்கம் தந்திருக்கும் இடத்தில் நாம் நின்றுகொள்ள வேண்டும். தானியேலின் 8-ஆம் அதிகாரத்தில் இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடாவை, ஒரே கொம்புடன் மேற்கிலிருந்து பாய்ந்து வரும் வெள்ளாட்டுக்கடா முட்டி வீழ்த்துகிறது. பெரிய கொம்பு முறிந்து, அவ்விடத்தில் நான்கு கொம்புகள் முளைக்க, அவற்றுள் ஒன்றிலிருந்து ஒரு சின்னக் கொம்பு புறப்படுகிறது. ஆட்டுக்கடா மேதிய பெர்சிய அரசு என்றும், வெள்ளாட்டுக்கடா கிரேக்க அரசு என்றும், 20, 21-ஆம் வசனங்கள் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகின்றன. கி.மு. 323-இல் அலெக்சாந்தர் மாண்டதும், அவனுடைய சேனாதிபதிகள் சாம்ராஜ்யத்தைப் பங்கிட்டுக்கொண்டதும், அவர்கள் வழிவந்த அந்தியோகு எப்பிபானேஸ் கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதும் சரித்திரம் அறிந்த செய்திகள். இந்நூல் பாபிலோன் காலத்திலேயே எழுதப்பட்டது என்பது பல விசுவாசிகளின் நம்பிக்கை. அந்தியோகுவின் கொடுமைக் காலத்தில், கி.மு. 165-ஐ ஒட்டியே நிறைவு பெற்றது என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிவு. இதே வாதத்தைக் கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை எதிர்த்த தத்துவஞானி போர்பிரியு எழுப்ப, வேத மொழிபெயர்ப்பாளர் ஜெரோம் அதற்கு மறுப்பு எழுதினார். எவ்வழி கொண்டாலும், அந்த அதிகாரத்துச் சின்னக் கொம்பு அந்தியோகுவைக் குறிக்கிறது என்பதில் இரு சாராரும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். துன்புற்றவர்களுக்கு, கொடுங்கோலன் மனிதக் கை படாமலே முறிந்துபோவான் என்று உரைத்த ஆறுதல் அது.

தரிசனம் கண்டவர்களே எத்துணைப் பணிவோடு இருந்தார்கள் என்பதையும் நாம் கவனிப்பதில்லை. கி.மு. 519-இல், இடிந்த ஆலயத்தை யூத ஆளுநர் செருபாபேல் திரும்பக் கட்டுவதற்கு ஊக்கம் தேவைப்பட்ட வேளையில், சகரியா ஒரு பொன் குத்துவிளக்கையும் அதன் இருபுறமும் இரண்டு ஒலிவ மரங்களையும் காண்கிறார். இவை என்னவென்று உனக்குத் தெரியாதா என்ற பொருளில் தேவதூதன் இருமுறை வினவ, இருமுறையும் தெரியாது என்றே விடை கூறுகிறார். தானியேலும் தாம் கண்டதை உணர இயலாமல் திகைத்ததாகத் தம் நூலிலேயே சொல்லிக்கொள்கிறார். கண்டவர் தெரியாது என்று ஒப்புக்கொண்டதை, காணாத நாம் தேதி குறித்துச் சொல்லத் துணிவது எவ்வகையில் தகும்?

துணிந்தவர்களின் கதை நீண்டது. 4-ஆம் நூற்றாண்டில் ஆயர் அம்புரோசு கோகுவைக் கோத்தியர் என்றார். 16-ஆம் நூற்றாண்டில் லுத்தருக்கு அது துருக்கியராகத் தோன்றிற்று. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பிரசங்கிகள் பலர் ரஷ்யா என்றனர். ஒவ்வொரு தலைமுறையும் தன் பகைவனின் முகத்தை அந்த அதிகாரத்தில் கண்டிருக்கிறது. தானியேலின் 2300 இராப்பகலை 2300 ஆண்டுகளாக எண்ணி, கி.மு. 457-இலிருந்து கணக்கிட்டு, 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் இயக்கத்தார் காத்திருந்தனர். அவர்களுள் வயலை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. 2011 மே 21-ஐ நியாயத்தீர்ப்பு நாள் என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் அறிவித்தபோது, தம் சேமிப்பையெல்லாம் விளம்பரத்துக்குச் செலவிட்டவர்கள் இருந்தார்கள். அந்த நாள்கள் மற்ற நாள்களைப் போலவே கழிந்தன. உடைந்த உள்ளங்களுக்கு ஈடு செய்தவர் எவருமில்லை.

தீர்க்கதரிசிகளின் உவமைகளில் இருவகை உண்டென்று 12-ஆம் நூற்றாண்டின் யூத ஞானி மைமோனிதீசு எழுதி வைத்தார்: ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனிப் பொருள் கொண்டவை ஒருவகை, முழுமையாக நோக்கும்போது மட்டுமே பொருள் தந்து, அங்கமங்கமாகப் பிரித்தால் பொருளற்றுப் போகின்றவை மற்றொரு வகை. இந்த விவேகம் நமக்கும் அந்நியமானதன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவி, செங்கோலும் வெண்குடையும் வீழவும், வாயில் மணி நடுங்கவும், இரவில் வானவில் தோன்றவும் கனாக் கண்டேன் என்று உரைக்கும்போது, செங்கோல் எம்மரத்தால் ஆனது என்றோ, மணி எத்தனை முறை ஒலித்தது என்றோ எந்தத் தமிழனும் விசாரிப்பதில்லை. நீதி சாய்ந்துவிட்டது என்று ஒரே கணத்தில் உணர்கிறான். கொம்பு என்றதும் அரசின் வலிமையை எபிரேயன் உணர்ந்ததும் அவ்வண்ணமே.

அப்படியாயின் இத்தரிசனங்கள் என்றோ முடிந்துபோன பழங்கதைகள்தாமா, இன்றைய விசுவாசிக்கு அவற்றில் ஒன்றுமில்லையா என்று கேட்பவர் உண்டு, நியாயமான கேள்வி. பத்மு தீவில் வெளிப்படுத்தல் நூலை எழுதிய யோவானே, தானியேலின் சிறுத்தையையும் கரடியையும் சிங்கத்தையும் ஒரே மிருகமாகத் திரட்டி, தம் காலத்து ரோமப் பேரரசின்மேல் சாத்தவில்லையா? சாத்தினார், ஆனால் ஆசியாவின் ஏழு சபைகள் துன்பத்தில் தளராமல் நிற்கவே சாத்தினார். பழைய காட்சியைப் புதிய துயரத்தோடு பொருத்திப் பார்ப்பது ஒன்று, அத்துயரத்தையே தீர்க்கதரிசி முன்கூட்டிக் கணித்தார் என்பது வேறொன்று. எசேக்கியேல் 37-ஆம் அதிகாரத்தில் பள்ளத்தாக்கு நிறைய உலர்ந்த எலும்புகளைக் காண்கிறார். அவை நம்பிக்கை அற்றுப்போன இஸ்ரவேலர் அனைவரும் என்று அதே அதிகாரம் விளக்குகிறது. 1942-லும் 1943-லும் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோய், 415 கிலோமீட்டர் சயாம் பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கி, காலராவுக்கும் பட்டினிக்கும் இரையாக்கினர். கல்லறைக் குறியும் இன்றிக் காட்டில் கிடந்த அந்த எலும்புகளை நினைத்து ஒரு போதகர் இந்த அதிகாரத்தை வாசித்துப் பிரசங்கித்தால், நான் தலை வணங்கிக் கேட்பேன். எசேக்கியேல் அந்த ரயில்பாதையை முன்னறிவித்தார் என்று சொல்லத் தொடங்கினால், அந்தக் கணமே இறந்தவர்களையும் தீர்க்கதரிசியையும் ஒருங்கே அவமதித்தவராவார்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத்தின் நூல் வரை தமிழாக்கி 1719-இல் மறைந்தார். எஞ்சியதை அவருக்குப் பின்வந்த ஷூல்ட்ஸே முடித்து 1728-க்குள் அச்சிட்டார். ஆக, தீர்க்கதரிசிகள் தமிழில் பேசத் தொடங்கி ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகின்றன. அந்த லுத்தரன் மரபின் வழிவந்த சியோன் பேராலயம் பிரிக்பீல்ட்ஸில்தான் நிற்கிறது. இவ்வளவு நீண்ட வாசிப்பு மரபுள்ள ஒரு சமுதாயம், முகமறியாத எவரோ அனுப்பும் மூன்று நிமிடக் காணொளியிடம் தன் வேதத்தை ஒப்படைத்துவிடலாகாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஊழியம் செய்யும் போதகர்களையும் சபை மூப்பர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: வாரநாள் வேதபாட வகுப்புகளில் சகரியாவையும் தானியேலையும் முதல் வசனம் முதல் இறுதி வசனம் வரை, பெர்சிய, கிரேக்க சரித்திரத்தோடும் ஒரு தேசப்படத்தோடும் சேர்த்து, தெளிந்த தமிழில் நடத்துங்கள், சிரம்பான் இறையியல் கல்லூரியில் நீங்கள் கற்றவற்றைப் பிரசங்க மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கும் சொல்லுங்கள், தெரியாத இடத்தில் சகரியாவைப் போலத் தெரியாது என்று சொல்லுங்கள்.