வண்டி முசிறியில், வாரண்டி திருச்சியில்

புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் கூடவே ஃப்ரீ சர்வீஸ் கூப்பனும் கொடுக்கிறார்கள். யாருக்கு ஃப்ரீ என்பதுதான் என் கேள்வி. திருச்சிக்காரர் காலையில் வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் எடுத்துக்கொள்வார். முசிறிக்காரனுக்குப் போக சுமார் 40 கிலோமீட்டர், வர 40. பெட்ரோல், ஒரு நாள் சம்பளம், ஓட்டல் சாப்பாடு எல்லாம் கைக்காசு. ஆயிலுக்கும் தனி பில். ஃப்ரீ என்பது கூலி மட்டும்தான்! உள்ளூரில் சர்வீஸ் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கேன் என்பார்கள். ஆசைப்பட்ட வண்டிக்கு இங்கே சர்வீஸ் இல்லை என்றால் என்ன செய்வது?

எங்கள் தெருவில் கோரைப்பாய் வியாபாரம் பண்ணும் அண்ணன் ஒருவர். வெளியூரில் வண்டி எடுத்தார். முதல் சர்வீஸ் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதுக்குப் போக முடியவில்லை. உள்ளூர் மெக்கானிக்கிடம் கம்பெனி சொன்ன அதே கிரேடு ஆயிலை மாற்றி பில்லும் வாங்கி வைத்தார். ஆறு மாதத்தில் செல்ஃப் மோட்டார் போய்விட்டது. "கூப்பனில் சீல் இல்லையே, வாரண்டி கிடையாது" என்று டீலர் கைவிரித்தார். ஆயில் மாற்றியதற்கும் செல்ஃப் மோட்டாருக்கும் என்னங்க சம்பந்தம்? நம்ம முதலாம் ஆண்டு பையன்கூடக் கேட்பான்.

முதல் சர்வீஸை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம். புது இன்ஜினில் பிஸ்டனும் ரிங்கும் படியும்போது தேய்ந்த உலோகத்தூள் ஆயிலில்தான் மிதக்கும். அந்த ஆயிலை வெளியேற்றியே ஆகணும்.

சட்டம் முழுக்க நமக்கு எதிராக இல்லை. 2014ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது, தவறான ரிப்பேரால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. அது கார் வழக்கு, மேல்முறையீட்டுக்கும் போனது. ஆனாலும் அதிலுள்ள நியாயம் பைக்குக்கும் பொருந்தும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் 1975லேயே மேக்னசன்-மாஸ் சட்டம் இதே வழியில் வந்துவிட்டது.

பழைய 1986 சட்டப்படி டீலரோ கம்பெனியோ தொழில் செய்யும் ஊரில், அல்லது பிரச்சினை எழுந்த ஊரில்தான் நுகர்வோர் வழக்குப் போட முடியும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சென்னையில் வாங்கிய வண்டிக்கும் திருச்சி ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. முதலில் 1915க்கு போன் போட்டுப் பார்க்கலாம். இதற்கெல்லாம் காகிதம் வேணும்: இன்வாய்ஸ், ஜாப் கார்டு, சீல் போட்ட கூப்பன், ஆயில் பில். டீலர் வாயால் சொன்ன மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். பிரேக் ஷூ, பல்புக்குச் சண்டை வேண்டாம், தேய்கிற சாமான்களுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. பேட்டரி, டயருக்கு அதைச் செய்த கம்பெனியின் வாரண்டி தனி.

நம் சங்கம் ஒரு காரியம் செய்யலாம். முசிறி, தொட்டியம், தா.பேட்டை பக்கம் மாதம் ஒருநாள் சர்வீஸ் கேம்ப் போடச் சொல்லி கம்பெனிகளுக்கு எழுதட்டும். டிப்ளமோ முடித்து வேலை தேடும் நம் அண்ணன்மார்களுக்குப் பயிற்சி கொடுத்து இங்கேயே சர்வீஸ் அங்கீகாரம் தரட்டும். ஒரு மெக்கானிக், ஒரு டூல் பெட்டி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், இவ்வளவுதானே குணசீலம் தாண்டி வரணும்?