மறைத்து வைத்த மாத்திரை

சென்ற மாதம் தெரிந்த பாட்டி ஒருவர் என்னிடம் வந்து அழுதார். பெற்றோரை இழந்த பேத்திக்கு வயது 13. தாயிடமிருந்து வந்த எச்.ஐ.வி. மாத்திரைகளைத் தலையணைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள்!

"சத்து மாத்திரைன்னுதான் சொல்லி வச்சேம்மா. எனக்கு மட்டும் ஏன் தினமும்னு கேக்கறா."

ஊர் வாய்க்குப் பயந்த பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சகோதரிகளே, விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து கேட்காது. பள்ளி வயதுக் குழந்தைக்கு உண்மையைச் சொல்லிவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே கூறியிருக்கிறது.

நம் நாட்டு அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் மருந்து இலவசம். இந்நோயைக் காட்டிப் பள்ளியில் ஒதுக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இருவரையும் மையத்து ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். "உன் மேல தப்பே இல்லை கண்ணு. விடாம சாப்பிட்டா படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணமும் பண்ணிக்கலாம்" என்றார் அவர்.

பெண் கேட்டது ஒன்றுதான்: "இதை நீயே சொல்லியிருக்கலாமே, பாட்டி?"

இப்போது இரவு 8 மணிக்கு இருவரும் சேர்ந்தே மாத்திரை போடுகிறார்கள். பாட்டிக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை!