சிவப்பு மணி குறையா?

ரேஷனுக்கு அரிசி வாங்க மத்திய அரசு வகுத்துள்ள தர விதிகளில் குருணை, பழுப்பரிசி, கல், மண் ஆகியவற்றோடு சிவப்பு மணியும் குறைகளில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. கட்டிச்சம்பா என்ற சிவப்பரிசிச் சோறு உண்டு, அதன் கஞ்சியைக் குடித்து வளர்ந்த, குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இந்த விதி விளங்காது. இங்கே சிவப்பு மணி கலப்படமல்ல, அதுதான் அரிசி.

மரபியலும் நாஞ்சில் நாட்டின் பக்கமே நிற்கிறது. நெல்லின் மூதாதையான காட்டுநெல்லின் அரிசி சிவப்பு. வெள்ளை அதற்குப் பின்னால் வந்தது, அதுவும் ஒரு மரபணு பழுதுபட்டதால் வந்தது.

ஒரு நெல்லின் உமியை நகத்தால் நீக்கி, அரிசியைக் குறுக்கே ஒடித்துப் பாருங்கள். ஓரத்தில் மயிரிழை போலச் செந்நிறக் கோடு. உள்ளே முழுக்க வெள்ளை. நிறமெல்லாம் அந்த மெல்லிய தோலில்தான். பால் பிடிக்கும் பருவத்தில் அதே தோல் பச்சையாக இருக்கும்; மணி முற்ற முற்றத்தான் சிவக்கும். உமியின் நிறத்தை வைத்து அரிசியின் நிறத்தைச் சொல்லவும் முடியாது. கருங்குறுவைக்கு உமி கறுப்பு, அரிசி சிவப்பு. கவுனி அரிசியின் கறுப்போ வேறு நிறமி, அதை இயக்குவதும் வேறு மரபணு.

சிவப்புக்குப் பொறுப்பு, ஏழாவது குரோமோசோமில் உள்ள ‘ஆர்சி’ என்ற மரபணு. தோலில் துவர்ப்புப் பொருள் உருவாக அதுதான் ஆணையிடுகிறது. முதல் குரோமோசோமில் உள்ள ‘ஆர்டி’ துணை நின்றால் நல்ல சிவப்பு கிடைக்கும், இல்லையென்றால் பழுப்பு. 2006-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்சியைப் படித்தறிந்தபோது, வெள்ளை அரிசியில் அதன் டிஎன்ஏ எழுத்துகளில் 14 விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். மரபணு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவது. 14 போனால் அதற்குப் பின்னுள்ளதெல்லாம் பிறழ்ந்துவிடும். உலகின் வெள்ளை நெல் ரகங்களில் மிகப் பெரும்பாலானவை சுமப்பது இந்த ஒரே பழுதைத்தான். மனிதன் விரும்பி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பரப்பிய பழுது அது.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொரு நிகழ்வு. அமெரிக்காவின் ‘வெல்ஸ்’ என்ற வெள்ளை ரகத்தில் தானாகவே ஒரு சிவப்புச் செடி தோன்றியது. ஆராய்ந்தால், 14 எழுத்து விடுபட்ட இடத்துக்குச் சற்று முன்னால் இன்னும் ஓர் எழுத்து போயிருந்தது. மொத்தம் 15, மூன்றின் மடங்கு. வாசிப்பு மறுபடி சீராகி, சிவப்பு திரும்பிவிட்டது. 2008-ல் வெளியான ஆய்வு இது.

ஆர்சியின் வேலை நிறத்தோடு முடிவதில்லை. அது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைக் கூட்டி விதையின் உறக்கத்தை நீட்டுகிறது என்று களை நெல்லில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. கன்னிப்பூ என்னும் முதல் போகத்தின் அறுப்பு நேரத்தில் மழை பிடித்து, சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிவப்பு நெல் எதுவுமே முளைக்காது என்று சொல்ல வரவில்லை. உறக்கத்துக்கு வேறு மரபணுக்களும் உண்டு. உதிர்ந்த மணி அடுத்த போகத்தில் களையாக எழும் தொல்லையும் இந்தக் குணத்தின் மறுபக்கமே. ஆனாலும் இரண்டு பருவமழைக்கும் நடுவே பயிர் செய்யும் நம் மாவட்டம் இப்படியொரு குணத்தைக் கைவிடக் கூடாது.

சிவப்பரிசியைச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விற்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே இருப்பது அதே மாவு. பலனெல்லாம் தோலிலும் தவிட்டிலும் இருக்கிறது. மில்லில் பளபளவென்று தீட்டினால் அதுவும் போய்விடும்.

திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8-ஐக் கட்டிச்சம்பாவோடு இணைத்து டி.பி.எஸ்.1-ஐ உருவாக்கியது. குட்டைச் செடி, நல்ல விளைச்சல், சிவப்பு மணி. கேரளத்தின் பட்டாம்பியிலும் அப்படித்தான், அதே ஐ.ஆர்.8-ஐ உள்ளூர் ரகத்தோடு சேர்த்து ‘ஜோதி’ பிறந்தது. சிவப்பு என்றால் விளைச்சல் குறையும் என்ற பேச்சுக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. பிறகு கவனம் வெள்ளைக்குப் போனது. டி.பி.எஸ்.5-இன் பெற்றோரான அம்பை 16, ஆடுதுறை 37 இரண்டும் வெள்ளை.

இன்று வேலை இன்னும் எளிது. சிவப்பு ஓங்கிய குணம். அந்த 14 எழுத்து இருக்கிறதா என்பதை நாற்றிலேயே டிஎன்ஏ சோதனையில் பார்த்துவிடலாம். அம்பை 16-இல் ஆர்சியை ஏற்றி, கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போகங்களிலும் சோதித்துத் தர வேண்டும். கொள்முதல் விதியில் சிவப்பு நெல்லைத் தனி வகையாக எழுதி, தனி விலை வைக்க வேண்டும். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ரேஷன் கடையிலேயே மட்டை அரிசி கொடுக்கிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? வயல்கள் மனைகளாகவும் வாழைத்தோப்புகளாகவும் மாறிக்கொண்டிருக்கும்போது, இருக்கும் ஏக்கருக்குக் கூடுதல் விலை கிடைப்பது சின்ன விஷயமல்ல.

விதைநெல் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரிசித்தோல் தாய்ச்செடியின் திசு. வெள்ளைச் செடியில் சிவப்பின் மகரந்தம் விழுந்தாலும் அந்தப் போகத்தில் மணி வெள்ளையாகவே இருக்கும். அதை விதைத்தால் அடுத்த போகத்தில் அச்செடியின் மணிகள் அத்தனையும் சிவக்கும். அதற்கடுத்த தலைமுறையில் மூன்று செடி சிவப்பு, ஒன்று வெள்ளை என்ற கணக்கில் பிரியும். விதை கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை வருவதும் உண்டு. அறுவடை இயந்திரத்தில் ஒட்டியிருந்த வேற்று நெல் கலப்பதுதான் பெரும்பாலும் காரணம் என்றாலும் இதையும் மறந்துவிடக் கூடாது. ஒரு செடியின் மணிகளுக்கெல்லாம் ஒரே நிறம் என்பதால், கதிருக்கு ஒரு மணியை உரித்துப் பார்த்தாலே போதும். சிவப்பு மணி காட்டிய கதிர்களைக் கலக்காமல் கதிருக்கு ஒரு வரிசையாக நடுங்கள். வெள்ளை மணி காட்டும் செடி ஒன்று இருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் சோற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற வரிசைகளிலிருந்து விதை எடுங்கள்.

- கட்டுரையாளர், பயிர் மரபியல் பேராசிரியர்.