சாட்சியை அழிக்கும் பட்டறைகள்

சிக்னலில் நிற்கும் கார் தானாக அணைந்துபோவது குறித்து இலக்கியம் பேசுகிறவர்கள் எழுதுவானேன் என்ற கேள்வியை எதிர்பார்த்தே இதைத் தொடங்குகிறோம். எங்கள் பதில் எளியது. ஓராண்டில் நாங்கள் புத்தகங்களுக்குச் செலவிடுவதைவிட அதிகமான தொகையை, ஒரே ஒரு தவறான வாசிப்புக்குத் தண்டமாகக் கட்டியிருக்கிறோம். வாசிப்புப் பிழை எங்கே நிகழ்ந்தாலும் அதில் தலையிடும் உரிமை வாசகனுக்கு உண்டு.

நாங்கள் மூவர் கூட்டாக வைத்திருக்கும் பழைய பெட்ரோல் கார் அது. கோவைக் கூட்டமொன்றுக்குப் போகும் வழியில், ஒட்டன்சத்திரத்துக்கு அருகே, வேகத்தைக் குறைப்பதற்காக ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் இருமுறை துடித்து அணைந்தது. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. இதை வெறும் அசௌகரியம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்குத்தான் தாங்கும். அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். பின்னால் பேருந்து, பின்சீட்டில் எழுபதைத் தாண்டிய எங்கள் மூத்த நண்பர். அவர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பின் அந்தக் காரில் ஏறவுமில்லை.

குளிரூட்டப்பட்ட வரவேற்பறை கொண்ட ஒரு சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டோம். இளைஞர் ஒருவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார், திரையைப் பார்த்தார், "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றார். சென்சார் மாற்றப்பட்டது, விளக்கு அணைக்கப்பட்டது. நான்காம் நாள் வண்டி மீண்டும் நின்றது, விளக்கும் திரும்ப வந்தது. இம்முறை பெட்ரோல் பம்ப். இரண்டு பில்களும் சேர்ந்து பத்தொன்பதாயிரத்தைத் தாண்டின. ஐந்தே நாளில் மூன்றாம் முறை நின்றது. திரையில் தெரிந்த எண் என்ன என்று அப்போதுதான் கேட்டோம். பில்லில் அது இல்லை. "அதெல்லாம் சிஸ்டத்துல இருக்கும் சார்" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. வற்புறுத்தியபின் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தார்கள்: பி 0171.

குறியீடு என்ற சொல்லைக் கவிதை விமரிசனத்தில் தேய்த்துத் தீர்த்தவர்கள் நாம். இந்தக் குறியீட்டையும் ஒருமுறை பொறுமையாக வாசிப்போம். முதலெழுத்து பி என்றால் பிரச்சினை எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதியில். அடுத்து வரும் 0, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண் என்பதற்கான அடையாளம். அங்கே 1 இருந்தால் அது பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த மொழி. மூன்றாவதாக நிற்கும் 1, எரிபொருளும் காற்றும் அளக்கப்படும் இடத்தைக் குறிக்கிறது. முழு வாக்கியம் இதுதான்: முதல் வரிசை சிலிண்டர்களில் கலவை அளவுக்குமீறி மெலிந்திருக்கிறது, அதாவது காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. இந்த வாக்கியத்தில் ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்ற பொருள் எங்கே இருக்கிறது? புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு கலவை மெலிகிறது என்று கணினிக்குச் சொன்னதே அந்தச் சென்சார்தான். சென்சாரே பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பொய்யா என்று விசாரிக்க வேண்டுமல்லவா? எங்கள் வண்டியில் உண்மை சொன்ன ஒரே சாட்சியைக் கழற்றி வீசிவிட்டு அதற்கும் எங்களிடமே பணம் வாங்கினார்கள்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. குறியீட்டோடு சேர்த்துக் கணினி ஒரு கணத்தையும் உறையவைத்துச் சேமிக்கிறது. பழுது பதிவான அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடாயிருந்தது, எவ்வளவு சுமை இழுத்தது, பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக்கொடுக்க நேர்ந்தது என்பன அதில் இருக்கும். விளக்கை அணைப்பதற்காக ஸ்கேனரில் 'அழி' என்று கட்டளையிடும்போது குறியீட்டோடு இந்தப் பதிவும் போய்விடுகிறது. படிக்காமலேயே வாக்குமூலத்தைக் கிழித்துப்போடும் காவல் நிலையத்தை நாம் சும்மா விடுவோமா? பட்டறையில் இதற்குப் பெயர் சர்வீஸ்.

இனி எதிர்த்திசையில் ஒரு சண்டை, நம்மவர்களோடு. எங்கள் கதையைக் கேட்ட நண்பர்கள் பலர் உடனே பெருமூச்சு விட்டார்கள். காதை வைத்தே நோய் சொன்ன பழைய மெக்கானிக்குகள் எங்கே, கம்ப்யூட்டர் வந்து எல்லாம் போயிற்று என்றார்கள். இந்தப் புலம்பலில் எங்களுக்கு உடன்பாடில்லை. எங்கள் வண்டியின் நோயைக் கண்டுபிடித்தவர் திண்டுக்கல்லில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு மெக்கானிக். காதை மட்டும் நம்பவில்லை அவர். கைபேசியோடு இணையும் சிறு கருவியொன்றைச் செருகி, இருபது நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு எண்களைப் பார்த்தார். கணினி பெட்ரோலை ஏறத்தாழ 28 சதவீதம் கூட்டிக்கொண்டிருந்தது. பத்துக்குள் இருந்தால் கவலையில்லை என்றார். சுற்றை 2500க்கு உயர்த்தினார். கூட்டல் 6 சதவீதத்துக்கு இறங்கியது. "பம்ப் இல்லை சார், காத்து எங்கயோ திருட்டுத்தனமா உள்ள போகுது" என்றார்.

இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எங்கள் காரில் உள்ளே வரும் காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டு. அதைத் தாண்டிய இடத்தில் ஓட்டை விழுந்தால் அளக்கப்படாத காற்று நுழைகிறது. சும்மா ஓடும் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம். அதில் ஓட்டையின் பங்கு பெரிது. சுற்று ஏறும்போது மொத்தம் பெருகுகிறது, ஓட்டையின் பங்கு அற்பமாகிவிடுகிறது. பம்ப் பலவீனமாயிருந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு: வண்டி அதிகம் கேட்கக் கேட்கத்தான் பற்றாக்குறை வளரும். இரண்டு நிமிடச் சோதனை பம்பை விடுதலை செய்திருக்கும். (காற்றை நேரடியாக அளக்காமல் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் இந்தச் சூத்திரம் இப்படியே பொருந்தாது என்றும் அவர் எச்சரித்தார். தன் அறிவின் எல்லையைச் சொல்பவரை நம்பலாம்.) பிறகு இடுக்கியால் ஒவ்வொரு ரப்பர் குழாயாக நெரித்துப் பார்த்தார். கிராங்க்கேஸ் ஆவியைத் திரும்ப எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் குழாயை நெரித்தபோது துடிப்பு நின்றது. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீள வெடிப்பு. குழாயின் விலை நானூறு ரூபாய்க்கும் குறைவு.

கருவி கெட்டதல்ல, அதைப் படிக்க மறுப்பதுதான் கெட்டது. குறியீடுகளைப் பற்றிய இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது: குறியீடு இல்லையென்றால் பழுது இல்லை என்பது. இவை ஓட்டுநரின் நலனுக்காகப் பிறந்தவை அல்ல. கலிஃபோர்னியாவின் புகைமூட்டத்துக்குக் கார்களின் புகைதான் முக்கியக் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களில் நிறுவியதிலிருந்து தொடங்கும் வரலாறு இது. அந்த மாநிலம் 1988 மாடல் கார்களிலிருந்து தன்னைத்தானே கண்காணிக்கும் ஏற்பாட்டைக் கேட்டது. 1996 மாடலிலிருந்து பொதுக் குறியீடு அமெரிக்கா முழுவதும் கட்டாயமாயிற்று. இந்தியாவில் 2010இலும் 2013இலும் இரு கட்டங்களாக வந்தது. ஆகவே அந்த மஞ்சள் விளக்கின் முதல் கவலை புகை. வண்டி நடுரோட்டில் நிற்பது அதன் பார்வையில் அப்படியொன்றும் குற்றமல்ல. சூடேறினால் மட்டும் செயலிழக்கும் கிராங்க் சென்சாரோ அழுத்தம் குறைந்த பம்போ ஒரு குறியீட்டையும் விட்டுவைக்காமல் வண்டியை நிறுத்திவிடக்கூடும். "ஸ்கேன்ல ஒண்ணும் காட்டல, எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவைக்கப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

திண்டுக்கல் மெக்கானிக்குக்கும் ஒரு சுவர் இருக்கிறது. பொதுக் குறியீடுகளை அவர் படித்துவிடுகிறார். நிறுவனங்களின் சொந்தக் குறியீடுகளும் அவற்றுக்கான கருவிகளும் அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு வராமல் தடுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றைத் திறந்துவிடவும் உத்தரவிட்டது. அறிவுசார் சொத்துரிமை என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. பயிற்சியற்றவர் கையில் கருவி ஆபத்து என்பது வழக்கமாக வைக்கப்படும் மற்றொரு வாதம். பயிற்சி பெற்றவர் கையில் எங்களுக்கு நேர்ந்ததை மேலே எழுதியிருக்கிறோம்.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி அல்ல. அழிப்பதற்கு முன் குறியீட்டின் எண்ணையும் உறைந்த கணத்தின் விவரங்களையும் பில்லில் அச்சிட்டுத் தர வேண்டும். ஒரு பாகத்தை மாற்றுமுன் எந்தச் சோதனையின்பேரில் மாற்றுகிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். கழற்றிய பாகத்தை உரியவரிடமே ஒப்படைக்க வேண்டும். இம்மூன்றையும் குறிப்பிட்டு அந்தச் சர்வீஸ் நிலையத்துக்குக் கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. நேரில் போய் எங்கள் பழைய ஆக்ஸிஜன் சென்சாரையாவது கொடுங்கள் என்று கேட்டோம். காயலான் கடைக்குப் போட்டாயிற்று என்றார்கள்.