படிப்புச் செலவும் வீட்டுக் கணக்கும்

சனிக்கிழமை காலையில் பதுளை பஸ் நிலையத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎலை எனப் பல திசைகளிலிருந்தும் வரும் பஸ்களிலிருந்து பிள்ளைகள் கூட்டங்கூட்டமாய் இறங்குகின்றனர். தோளிலே புத்தகப் பை. கையிலே சோற்றுப் பொதி. பாடசாலை இல்லாத நாளில் இவர்கள் எங்கே செல்கிறார்கள் என்று வெளியூரார் வியக்கக் கூடும். நமக்கு அதில் வியப்பில்லை. வாரத்தில் ஐந்து நாள் காசில்லாமல் கற்ற பாடத்தையே ஆறாம் நாளும் ஏழாம் நாளும் காசு கொடுத்துக் கற்கச் செல்கின்றனர்.

இந்நாட்டில் கல்வி இலவசம் என்பது யாவரும் அறிந்ததே. ஸி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டில், பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணமில்லை என்று ஏற்பாடாயிற்று. ஆயினும் அந்த வெளிச்சம் மலையேறி லயங்களை எட்டுவதற்கு நெடுங்காலம் சென்றது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நம் முன்னோரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தோட்டப் பாடசாலைகளோ அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1970களிலேதான். அதுவரையில் பல தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். அதற்குமேல் கொழுந்துக் கூடை. ஆகவே சர்வகலாசாலை என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்து இரண்டு தலைமுறை கூட நிறையவில்லை. இன்று பதுளையிலேயே, பசறை வீதியில், 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ சர்வகலாசாலை நிற்கிறது. தூரம் குறைந்திருக்கிறது, செலவு குறைந்ததா என்பதே கேள்வி.

பிற நாடுகளையும் சற்று நோக்குவோம். இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டு முதல் சர்வகலாசாலை மாணவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கினர். ஆண்டுக்கு 1,000 பவுன் என்று ஆரம்பித்தது, 2012ஆம் ஆண்டில் 9,000 பவுன் வரை ஏறியது. ஜெர்மனியிலோ சில மாகாணங்கள் கட்டணம் விதித்துப் பார்த்து, மக்கள் எதிர்ப்பினால் 2014ஆம் ஆண்டளவில் முற்றாகக் கைவிட்டன. இவற்றோடு ஒப்பிடும்போது நாம் பெற்றிருப்பது பெருஞ் செல்வம். அதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் நம் நாட்டில் கட்டணம் சர்வகலாசாலை வாயிலில் வாங்கப்படுவதில்லை. அந்த வாயிலுக்குப் போகும் வழியிலே வாங்கப்படுகிறது. பஸ்ஸிலே கொஞ்சம், தனியார் வகுப்பிலே கொஞ்சம், அச்சடித்த குறிப்புகளிலே கொஞ்சம், நகரத்திலே அறையெடுத்துத் தங்குவதிலே கொஞ்சம். விஞ்ஞானமும் கணிதமும் உயர்தர வகுப்பில் தமிழிலே கற்க வசதியுள்ள பாடசாலைகள் மலையிலே சிலவே. மடுல்சீமையிலோ லுணுகலையிலோ உள்ள பிள்ளை அந்த வழியை விரும்பினால் வீட்டை விட்டுப் புறப்பட்டேயாக வேண்டும்.

நிற்க. 2023ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அதற்கு முந்திய ஆண்டு நாடே நிலைகுலைந்திருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசிக் கணக்கின்படி பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 ஆயிற்று. கடதாசி இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைக் கூட ஒத்திவைத்தார்கள். தோட்டத்து நாட்சம்பளமோ 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாயிலேயே நின்றது. அக்காலத்தில் ஒரு மாலை, தோட்டத் தொழிலாளியான தந்தை ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மகன் உயர்தர வகுப்பில் நம்மிடம் படிப்பவன். மகள் பதினோராம் ஆண்டு. நாற்காலியைக் காட்டினோம், அவர் உட்காரவில்லை.

"சேர், ரெண்டு பேரையும் ஓட்ட முடியல. ஒருத்தர நிறுத்தணும். யார நிறுத்துறதுன்னு நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா வீட்டுல கேப்பாங்க" என்றார்.

அவர் மனத்திலே விடையை வைத்துக்கொண்டுதான் கேட்டார் என்பது நமக்கு விளங்கிற்று. மகளைக் கொழும்பில் ஒரு கடை வேலைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. நம் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அவர் மனம் ஆறும், அவ்வளவே. அந்தச் சொல்லைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. காரணம் உண்டு.

நம் வீட்டிலும் 1991ஆம் ஆண்டில் இதே கேள்வி எழுந்தது. நாமும் தமக்கையாரும் ஒரே பாடசாலையில் படித்தோம். அவர் பத்தாம் ஆண்டு. கணக்கிலே நம்மை விடக் கெட்டிக்காரர். யார் நிற்பது என்று எவரும் நம்மைக் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவர் சீருடை அணியவில்லை, அவ்வளவுதான். சில காலம் வீட்டுவேலை, பிறகு தோட்டத்திலே பேர் பதிவு. நம் பரீட்சைக் கட்டணம், சப்பாத்து, சர்வகலாசாலைக்குப் போகும்போது வாங்கிய தகரப் பெட்டி எல்லாம் அவர் கொழுந்து பறித்த காசு. பட்டமளிப்பு விழாவுக்கு வீட்டாருக்கென்று இரண்டு அழைப்பிதழ்களே கொடுத்தார்கள். தாயும் தந்தையும் உள்ளே வந்தனர். தமக்கையார் வெளியே மரத்தடியில் பலகாரப் பொட்டலத்துடன் காத்திருந்தார். வெளியே வந்த நாம் கறுப்பு அங்கியுடன் படம் எடுத்துக்கொள்ளும் அவசரத்தில் இருந்தோம். அவரை நாம் ஒன்றும் கேட்டதில்லை.

ஆகையால் அந்தத் தந்தையிடம், "யாரை நிறுத்துவது என்பதை அப்புறம் பார்ப்போம், அண்ணே. முதலில் எதை நிறுத்தலாம் என்று பார்ப்போம்" என்று சொல்லி, ஒரு தாளை எடுத்துக் கணக்கு எழுதினோம். தோட்டத்தில் செலவை ரூபாயில் எண்ணுவதிலும் 'பேரில்' எண்ணுவதே வழக்கம். ஒரு நாள் முழுச் சம்பளம் ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். தாயும் தந்தையும் சேர்ந்து அந்த மாதம் முப்பத்தைந்து பேர். மகனுடைய மூன்று தனியார் வகுப்புகள், பஸ், சாப்பாடு, குறிப்புகள் யாவும் பதினொரு பேர். மகளுக்கு ஐந்து பேர். தாயாரின் தோடு ஏற்கெனவே அடகுக் கடையில். அதன் வட்டியைக் கட்ட, வாரந்தோறும் வாசலுக்கு வந்து தண்டும் ஒரு கடன். அதற்கும் மாதம் நான்கு பேர்.

எழுதிய பின்னரே இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, மகன் சென்ற மூன்று வகுப்புகளில் ஒன்று, பாடசாலையில் நல்லபடி நடந்துகொண்டிருந்த பாடம். கூட்டாளிகள் போகிறார்கள் என்று இவனும் போயிருக்கிறான். மற்றொன்றைக் கோயில் மண்டபத்தில் நான்கைந்து பிள்ளைகளைக் கூட்டி வைத்து, பழைய மாணவர் ஒருவரும் நாமும் சனிக்கிழமைகளில் சொல்லிக் கொடுக்கக் கூடியதாயிருந்தது. இரண்டாவது, வீட்டை அரித்துக்கொண்டிருந்தது மகளின் ஐந்து பேர் அன்று. அந்த வாரக் கடனே. உறவினர் சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்து முதற் சீட்டை அவருக்கே கொடுத்தனர், கடன் அடைந்தது. மகள் நிற்கவில்லை.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டோம். மகன் சர்வகலாசாலைக்கு வேண்டிய புள்ளியை இருமுறை எழுதியும் எட்டவில்லை. இன்று கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறுகிறான். அங்கே தங்குமிடமும் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. மகள் உயர்தர வகுப்பில் இருக்கிறாள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தை வருத்தியபோது பல நாள் வேலையில்லை, சம்பளம் குறைந்தது. தோடு மறுபடியும் அடகுக்குப் போயிற்று. ஆனால் இம்முறை அதை நால்வரும் உட்கார்ந்து பேசி, என்றைக்கு மீட்பது என்றும் எழுதி வைத்து அனுப்பினார்கள்.

இதிலிருந்து நம் வாசகர்களுக்குச் சிலவற்றைக் கூற விரும்புகிறோம்.

படிப்புச் செலவைப் பெற்றோர் மட்டும் மனத்திலே சுமவாது, பிள்ளைகளையும் அருகில் வைத்து எழுதிப் பாருங்கள். பிள்ளைக்குத் தெரிந்தால் மனம் வாடும் என்று மறைக்கிறோம். தெரியாமையால் விளையும் வீண் செலவே பெரிது.

தனியார் வகுப்புக்கு அனுப்புமுன் பாடசாலை ஆசிரியரைக் கண்டு, எந்தப் பாடத்துக்கு அது வேண்டும் என்று கேளுங்கள். வகுப்பறையில் முடிக்க வேண்டியதை மாலை வகுப்புக்கு மிச்சம் வைப்பவர்கள் நம் தொழிலிலும் இருக்கிறார்கள். பெற்றோர் நேரில் வந்து கேட்டால் அவர்களும் கூசுவர்.

உரிமையாய் உள்ளவற்றை அறிந்துகொள்ளுங்கள். சர்வகலாசாலை அனுமதியில் கல்வி வசதி குறைந்தவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அவற்றுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. 1981ஆம் ஆண்டு லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயாயிருந்தது, 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்த்தப்பட்டது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று இந்திய அரசின் ஆதரவில் 1940களில் அமைக்கப்பட்ட கல்வி நம்பிக்கை நிதியமும் உயர்தர மாணவருக்கும் சர்வகலாசாலை மாணவருக்கும் உதவுகிறது. விண்ணப்பிக்காமையால் இழப்பவர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017ஆம் ஆண்டு முதல் வட்டியில்லாக் கடனும் உண்டு. வட்டியில்லாவிடினும் கடன் கடனே. கையெழுத்திடுமுன் திருப்பிக் கட்டும் கணக்கை எழுதிப் பாருங்கள். வாசலுக்கு வரும் வாரக் கடனைப் படிப்பின் பேரால் வாங்கவே வேண்டாம்.

நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆயிற்று. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 என்று அறிவிக்கப்பட்டது. ஏறியது நல்லதே. ஆயினும் வீட்டிலே பணம் முடைப்படும் போதெல்லாம் முதலில் மூத்த பெண்ணின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் சம்பளம் ஏறுவதனால் மட்டும் மாறிவிடாது. எந்த வீட்டுக் கணக்கிலும் எழுதப்படாத செலவு அதுதான்.

அந்தத் தந்தை வந்து போன மறு ஞாயிற்றுக்கிழமை தமக்கையாரின் வீட்டுக்குச் சென்றோம். முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கேட்காததை அன்று கேட்டோம்: "அக்கா, அன்னைக்கு உங்களுக்குப் படிக்க ஆசை இருந்துச்சா?"

அவர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த இஸ்கூல் இடாப்புல எம் பேர வெட்டுனப்ப நீ அங்கதானே தம்பி இருந்த? செவப்பு மையிலயா வெட்டுனாங்க?" என்று கேட்டார்.

நமக்கு நினைவில்லை. இல்லையென்றே சொன்னோம்.